என்னத்தை சமைக்கணும்னு எழுதலையே?

பொம்மனஹள்ளியில் எங்கள் எதிர் வீட்டு அக்கா கார்மெண்ட்ஸுக்கு வேலைக்குப் போகிறவர். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். போன வருஷம் ஒரு ராத்திரி அவர் வீட்டுக்காரருக்கு நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்திருக்கிறது. கேஸ்தான் என்று சோடா குடித்து, ஓமத்தண்ணி குடித்து, விடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. நல்லவேளை, மனுஷர் பிழைத்துக்கொண்டார்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: கொழுப்பும் உப்பும் குறைக்கவும். படித்துச் சொல்லுங்க என்று என்னிடம் கொண்டுவந்த அக்கா கேட்டார், "கொறைக்கணும்னு போட்டிருக்காங்க, சரி. என்னத்தை சமைக்கணும்னு எழுதலையே சார்?"

எனக்கு பதில் தெரியவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனால் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு ஒரு மாகாணமே அடுப்படிக்குள் இறங்கிய கதை ஒன்று உண்டு.

பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லையை ஒட்டி இருக்கிறது வடக்கு கரேலியா. காடு, ஏரி, குளிர். மரம் வெட்டுகிறவர்களும் நாலைந்து மாடு வைத்திருக்கும் சின்ன விவசாயிகளும்தான் அதிகம். நாட்டிலேயே வசதி குறைந்த பகுதிகளில் ஒன்று. ரொட்டிமேல் வெண்ணெய், குடிக்க ஆடை எடுக்காத பால், உப்பு தூக்கலான பன்றிக்கறி. காய்கறியா? அது மாடும் முயலும் தின்கிற சமாச்சாரம். உடம்பு முறிய உழைக்கிற ஆண்கள் நாற்பது, ஐம்பது வயதில் மாரடைப்பில் விழுந்துகொண்டே இருந்தார்கள். ஆன்செல் கீஸ் 1958-ல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் இதய நோய் மிக அதிகமாக இருந்தது கிழக்கு பின்லாந்தில்தான்.

1971 ஜனவரியில் அந்த மாகாணத்துப் பிரதிநிதிகள் ஒன்றுகூடி, ஏதாவது செய்யுங்கள் என்று அரசாங்கத்துக்கு மனு கொடுத்தார்கள். 1972-ல் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்ற டாக்டர் பெக்கா புஸ்காவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. நம்ம ஊரில் அந்த வயசு டாக்டரை 'தம்பி, பெரிய டாக்டர் இல்லையா' என்று கேட்டிருப்பார்கள் :-)

அவர் செய்த புத்திசாலித்தனமான காரியம், மார்த்தா அமைப்பைத் தேடிப் போனது. 1899-ல் தொடங்கிய குடும்பத் தலைவிகள் சங்கம் அது. ஊருக்கு ஊர் கிளை உண்டு. டாக்டர்கள் சொன்னால் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் வெண்ணெயை எடுக்கிற ஜனம், பக்கத்து வீட்டுக்காரி சமைத்துக் காட்டினால் ருசி பார்க்கும் அல்லவா? 'நீண்ட ஆயுள் விருந்து' என்று பேர் வைத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் பேச்சு, அப்புறம் எல்லோரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது. புதுப் பலகாரம் எதையும் கொண்டுவந்து திணிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. அவர்கள் காலம் காலமாகச் செய்யும் கரேலியக் குழம்பையே எடுத்து, கறியையும் உப்பையும் குறைத்து, கிழங்கும் கேரட்டும் கூட்டினார்கள். குழம்பின் பெயர் மாறவில்லை.

சமையலோடு நிற்கவில்லை. பீடி சிகரெட் விஷயத்தில் புகையிலைப் பழக்கத்தை விட வைப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது, கடையில் கொழுப்பு குறைந்த பால் கிடைக்கச் செய்வது எல்லாம் கூடவே நடந்தன. பால் பண்ணைக்காரர்கள் எரிச்சலானார்கள். பிறகு அவர்களில் சிலரை பெர்ரி பழம் பயிரிடப் பழக்கினார்கள். ஐந்து வருஷத் திட்டம் என்று ஆரம்பித்தது 1997 வரை, இருபத்தைந்து வருஷம் ஓடியது. 35 முதல் 64 வயது ஆண்களின் இதய நோய் மரண விகிதம் நாற்பது வருஷத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. எல்லாம் சமையல் விருந்தால்தான் என்று சொல்ல மாட்டேன். ஒப்பிடுவதற்காக வைத்திருந்த பக்கத்து மாகாணம் குவோப்பியோவிலும் நோய் குறைந்தது; இதை வைத்து நிபுணர்கள் நிறையவே சண்டை போட்டிருக்கிறார்கள்.

சரி, பொம்மனஹள்ளிக்கு இதனால் என்ன? இங்கிருந்து சில்க் போர்டைத் தாண்டினால் கோரமங்களாவில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. அங்குள்ள டாக்டர் டெனிஸ் சேவியரும் பிரேம் பயஸும் மற்றவர்களும் இந்தியாவின் 50 நகரங்களில் 20,468 இதய நோயாளிகளைக் கணக்கெடுத்து 2008-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். நடுமட்டக் கணக்காக, நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி சேர ஆன நேரம் 360 நிமிடம். எதிர் வீட்டு அக்காவின் ஏழு மணி நேரம் ஒன்றும் அதிசயமில்லை. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் வசதியானவர்களில் 5.5 சதவீதம், ஏழைகளில் 8.2 சதவீதம். கொடுத்த சிகிச்சையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அதாவது ஏழையின் இதயம் ஒன்றும் சோடையில்லை, வைத்தியம்தான் சரியாகப் போய்ச் சேரவில்லை. வைத்தியம் கடைசியாக வந்து சேரும் தெருக்களுக்குத்தான் அடுப்படி வகுப்பு முதலில் வரவேண்டும்.

நம் பக்கத்தில் இதற்குக் கிட்டத்தில் வருவது கேரளம். திருவனந்தபுரம் மாவட்டத்துக் கிராமங்களில் 2013 முதல் சர்க்கரை நோய்த் தடுப்புத் திட்டம் ஒன்று நடத்தினார்கள். ஊர்க்காரர்களே குழுத் தலைவர்கள். வீட்டுத் தோட்டமும் உண்டு. இரண்டு வருஷத்தில் சர்க்கரை நோய் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. ஆனால் காய்கறி, பழம் சாப்பிடுவது கூடியது.

எங்கள் தெருவில் மார்த்தா அமைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை என் மனைவியும் அந்த அக்காவும் எங்கள் வீட்டில் சேர்ந்து சமைக்கிறார்கள், அவ்வளவுதான். புளிக்குழம்பு அதே புளிக்குழம்புதான். எண்ணெயைக் கேனிலிருந்து சாய்க்காமல் கரண்டியால் அளந்து ஊற்றுகிறார்கள். எண்ணெய் பாக்கெட் பிரித்த தேதியை அக்கா காலண்டரில் குறித்து வைக்கிறார். முதல் பாக்கெட் ஒன்பது நாள் வந்தது. இப்போது பதினான்கு. அப்பளமும் ஊறுகாயும் பற்றி வீட்டுக்காரரோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறதாம்.