சிறை மீண்ட இருவர்

நீதிமன்றம் ஒருவனை விடுதலை செய்யலாம். அவன் இழந்த வாழ்வை அது மீட்டுத் தருவதில்லை. சிறைக்கதவு திறந்தபின் அவனுக்குப் பற்றுக்கோடாவது யாது? தமிழகம் நன்கறிந்த கலைஞர் இருவருக்கு அது இசையாக அமைந்தது.

1944 தீபாவளியன்று ‘ஹரிதாஸ்’ வெளிவந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதரோ பின்னிரு தீபாவளிகளையும் சிறையில் கழித்தார். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவருக்கும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனுக்கும் 1945 இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை முறையீடு சென்றது. வழக்கை மீண்டும் ஆராயுமாறு அது பணிக்க, சென்னை உயர்நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் குற்றமற்றவர் என விடுவித்தது.

கிருஷ்ணன் இளமையில் வில்லுப்பாட்டில் பழகியவர். மக்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி அவரிடம் நிறைய இருந்தது. 1949 இல் வந்த ‘நல்லதம்பி’யில் அவர் நிகழ்த்திய ‘கிந்தனார்’ காலட்சேபத்தை எண்ணிப் பாருங்கள். நந்தனார் சிதம்பரம் செல்ல ஏங்கினார். ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவன் கிந்தனோ பள்ளிக்கூடம் செல்ல ஏங்குகிறான். பழைய காலட்சேப வடிவிலேயே புதிய கருத்தைப் பாடி, சிரிக்கவைத்துச் சிந்திக்கவும் வைத்தார். என் கருத்தில், அவரைச் சிறைக்குப்பின் மீண்டும் மக்களோடு பிணைத்தது இப்பாட்டே.

பாகவதர் நிலை வேறு. 1948 இல் வந்த ‘ராஜமுக்தி’ தோற்றது. மக்களின் சுவையும் மாறிவந்தது; அவருடைய ‘அமரகவி’ வெளிவந்த 1952 ஆம் ஆண்டிலேதான் வசனத்தால் புகழ்பெற்ற ‘பராசக்தி’யும் வந்தது. திரையுலகம் கைவிட்டபோதும் கச்சேரி மேடை அவரைக் கைவிடவில்லை. குரல் கேட்க வந்தவர்கள் வழக்கைப் பற்றி வினவ வரவில்லை அல்லவா?

மரக்காணத்தில் நான் ஆசிரியனாயிருந்த நாளில், முதிய உப்பளத் தொழிலாளர் சிலர் உப்பு வாரும்போது பாகவதர் பாடல்களை முணுமுணுக்கக் கேட்டதுண்டு. அவரை அவர்கள் பாட்டால் மட்டுமே அறிந்திருந்தனர். சிறை சென்ற செய்தியை ஒருவரும் எடுத்துப் பேசியதில்லை.

1957 இல் பாகவதர் தாமே இயக்கி நடித்த படத்திற்குப் ‘புதுவாழ்வு’ என்று பெயரிட்டார். அதுவும் வெற்றி பெறவில்லை. 1959 நவம்பர் முதல் நாள் அவர் மறைந்தார். அவர் நடித்த ‘சிவகாமி’ அடுத்த ஆண்டு வெளிவந்தது.