பெண்கள் வைத்தியம் கற்ற வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உலகின் பல தேசங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில், வைத்தியக் கலாசாலைகளின் வாயிலில் பெண்கள் வந்து நின்றார்கள். பெண் ஆசிரியையாவதையும் தாதியாவதையும் ஒருவாறு சகித்துக்கொண்ட சமூகம், அவள் வைத்தியராவாள் என்றவுடன் கொதித்தெழுந்ததற்குக் காரணம் உண்டு. வைத்தியர் பிறர் உடலைத் தொட்டுப் பார்க்கிறவர். உயிரைப் பற்றிய முடிவைத் தாமே செய்கிறவர். தமது கையொப்பத்துக்குச் சட்டத்தின் பலம் உடையவர். இத்தகைய அதிகாரம் ஒரு ஸ்திரீயின் கைக்கு வரலாமா என்பதே அன்று எழுந்த வினா. அந்த வினாவுக்குப் பிரிட்டனின் சர்வகலாசாலைகள் விடை கூறத் தயங்கிய நாளிலேயே சென்னை விடை கூறிவிட்டது என்பதும், அந்த விடையைக் கூறத் தூண்டியது பெண்ணைத் திரைக்குள் அடைத்துவைத்த வழக்கமே என்பதும் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கவை.

முதலில் ஸ்காட்லாந்தைப் பார்ப்போம். 1869-ஆம் ஆண்டில் ஸோபியா ஜெக்ஸ்-பிளேக் என்ற மாதரசியும் அவருடைய தோழியர் சிலரும் எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்திய மாணவிகளாகப் பதிவு பெற்றார்கள். ஆடவரோடு ஒரே அறையில் அமரலாகாது என்று அவர்களுக்குத் தனி வகுப்பு ஏற்பட்டது. அதற்குச் சம்பளமும் அதிகம். இரசாயனத் தேர்வை முதன்முறையாக எழுதிய மாணவர்களுள் எடித் பீச்சி என்ற பெண் முதலிடம் பெற்றபோது, அந்த இடத்துக்குரிய உபகாரச் சம்பளம் அவருக்குக் கீழே நின்ற ஓர் ஆடவருக்கு அளிக்கப்பட்டது. 1870 நவம்பர் 18-ஆம் தேதி, உடற்கூறு பற்றிய பரீட்சை எழுதுவதற்காக அப்பெண்கள் அறுவை வைத்தியர் மண்டபத்துக்கு வந்தபோது, நூற்றுக்கணக்கானோர் தெருவை அடைத்துக்கொண்டு சேற்றை வாரி வீசினார்கள். கதவு அவர்கள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. எப்படியோ உள்ளே புகுந்து அவர்கள் அமர்ந்த பிறகு, ஒரு செம்மறி ஆட்டைப் பரீட்சை அறைக்குள் தள்ளினார்கள். அது அங்கேயே இருக்கட்டும், அனுப்பியவர்களைவிட அதற்குப் புத்தி அதிகம் என்னும் பொருள்படப் பேசி, பரீட்சையைத் தொடர்ந்து நடத்தினார் ஆசிரியர். அந்தப் பெண்கள் அன்று எழுதி முடித்தே எழுந்தார்கள். ஆயினும் 1873-இல், பெண்களைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரமே அந்தச் சர்வகலாசாலைக்கு இருந்ததில்லை என்று நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டு உழைப்பு பட்டமின்றிப் போயிற்று. மனந்தளராத ஜெக்ஸ்-பிளேக் மறு ஆண்டே லண்டனில் பெண்களுக்கென்று ஒரு வைத்தியப் பள்ளியைத் தோற்றுவிப்பதில் முன்னின்றார்.

எடின்பரோவில் கதவு அடைபட்டு இரண்டு ஆண்டுகளே கழிந்திருந்த 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களை மாணவிகளாக ஏற்றுக்கொண்டது. பிரிட்டனில் பெண்களுக்கு வைத்தியப் பட்டம் வழங்கலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்தான். சென்னையில் சேர்ந்த நால்வருள் ஒருவர் மேரி ஷார்லீப். பாரிஸ்டரான கணவரோடு 1866-இல் சென்னைக்கு வந்த இவர், கணவரின் சட்ட வேலைகளில் உதவிசெய்து வந்த காலத்தில், இந்நாட்டு ஹிந்து, முஸ்லிம் பெண்கள் பிரசவ வேளையில் படும் துன்பத்தைக் கேள்வியுற்றார். அந்நிய ஆடவர் கண்ணில் படலாகாது என்பதற்காக வைத்தியரை அழைக்காமலே இறந்துபோன பெண்களின் செய்திகள் அவர் நெஞ்சை உறுத்தின. குழந்தைகளைப் பெற்ற தாயாக இருந்தும், முதலில் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, அது போதாதென்று கண்டு, வைத்தியக் கல்லூரியில் சேரத் துணிந்தார். அந்நாளில் சர்ஜன் ஜெனரலாக இருந்த எட்வர்ட் பால்ஃபரின் ஆதரவு அவருக்குத் துணையாயிற்று. 1878-இல் சென்னையில் தேறி, லண்டன் சென்று 1882-இல் பட்டம் பெற்று, மறு ஆண்டில் சென்னைக்கே திரும்பினார். ஜாதி ஹிந்துப் பெண்களுக்கும், திரைக்குள் வாழும் கோஷாப் பெண்களுக்கும் என்று 1885-இல் எழுந்த விக்டோரியா ஆஸ்பத்திரி அவருடைய முயற்சியின் பயன். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூர்பா காந்தியின் பெயர் தாங்கி நிற்கும் அந்த மருத்துவமனையை, ஊர் மக்கள் பழைய வழக்கப்படி கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்லி வருகிறார்கள்.

கோஷா என்ற அச்சொல்லில்தான் சென்னையின் விடைக்குரிய காரணம் அடங்கியிருக்கிறது. எடின்பரோ மாணவிகள், ஆடவர் கற்பதைத் தாங்களும் கற்பது தங்கள் உரிமை என்று கேட்டார்கள். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் எதிரிகள் திரண்டார்கள். சென்னையில் எழுந்த வாதமோ வேறு. பெண்ணுக்குப் பெண்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று குடும்பங்கள் வற்புறுத்துமாயின், பெண்களை வைத்தியராக்குவதைத் தவிர வழியில்லை. வழக்கத்தை மதிப்பவரும் இதை மறுக்க முடியவில்லை. இத்தேவை எவ்வளவு கடுமையானது என்பதை, பின்னாளில் வேலூரில் புகழ்பெற்ற ஐடா ஸ்கடரின் வாழ்க்கை விளக்கும். கன்னிப் பருவத்தில் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த அவரிடம், ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தம் மனைவியரைக் காக்க வேண்டுமென்று மன்றாடினார்கள். தாம் வைத்தியம் அறியாதவர் என்றும், தம் தந்தை வைத்தியர், அவர் வருவார் என்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதற்கு மூவரில் ஒருவரும் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். வைத்தியம் கற்க ஐடா அமெரிக்கா சென்றது அந்த இரவின் விளைவு.

திரை என்ற வழக்கம் இல்லாத நாட்டிலும் இதே தேவை வேறு உருவில் தோன்றியது. ஜப்பானில் ஒகினோ கின்கோ என்ற பெண், கணவரிடமிருந்து தொற்றிய நோய்க்காக ஆடவ வைத்தியர்களிடம் சிகிச்சை பெற்றபோது அடைந்த கூச்சமும் அவமானமும் தாளாது, தாமே வைத்தியராவதென்று உறுதி பூண்டார். பல தடைகளைக் கடந்து 1885-இல் அரசாங்கப் பரீட்சையில் தேறி, அந்நாட்டில் நவீன வைத்தியத்துக்கு உரிமம் பெற்ற முதல் பெண்மணியானார். அதே ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரியில், மகாராஷ்டிரத்தின் ஆனந்திபாய் ஜோஷியும் ஜப்பானின் ஒகாமி கெய்கோவும் ஸிரியாவின் ஸபாத் இஸ்லாம்பூலியும், தத்தம் நாட்டு உடையணிந்து ஒருங்கே அமர்ந்து எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று இன்றும் இருக்கிறது. ஒன்பது வயதில் மணமாகி, பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்தே நாளில் பறிகொடுத்தவர் ஆனந்திபாய். 1886-இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், தாம் கற்றதைப் பிறருக்குப் பயன்படுத்துமுன்னே, மறு ஆண்டில் இருபத்திரண்டு வயதும் நிரம்பாமல் க்ஷயரோகத்துக்கு இரையானார்.

தேவையின் பெயரால் திறந்த கதவு அகலமானதன்று என்பதையும் சொல்ல வேண்டும். பெண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பதற்காகவே அவர்கள் வேண்டப்பட்டார்கள். எல்லா நோயாளிக்கும் எல்லாத் துறையிலும் சம உரிமையோடு பணியாற்றுவதற்காக அல்ல. மற்றொன்றையும் மறைத்தல் ஆகாது. தலைமுறை தலைமுறையாக நம் கிராமங்களில் பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சி, எழுத்தறிவும் சாசனமும் இல்லாத காரணத்தால், இப்புதிய வரலாற்றில் பெரும்பாலும் பழி சுமப்பவளாகவே இடம்பெற்றாள். அவள் கையில் ஆபத்தும் இருந்தது, அனுபவமும் இருந்தது. ஆபத்தை எழுதியவர்கள் பலர். அனுபவத்தைக் கேட்டு எழுதியவர்கள் மிகச் சிலர். படித்த பெண்ணின் உயர்வைக் கொண்டாடும்போது, பள்ளி வாசலை மிதிக்க வழியில்லாதிருந்த இந்தப் பெண்ணின் தொண்டையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை.

அந்தக் குறுகிய கதவைப் பெண்கள் தம் திறமையால் அகலமாக்கினார்கள். 1918-இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். 1922-இல் முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் தேறி வெளிவந்தார்கள். பெண்களுக்காகவே ஏற்பட்ட அந்த நிலையம், 1947-இல் ஆண்களையும் மாணவர்களாகச் சேர்த்துக்கொண்டது. எடின்பரோவில் ஆடவர் கலாசாலைக்குள் இடம் கேட்ட பெண்கள் விரட்டப்பட்டார்கள். வேலூரில் பெண்கள் கலாசாலைக்குள் ஆடவர் இடம் பெற்றார்கள். நூறு ஆண்டும் நிரம்பாத காலத்தில் நிகழ்ந்த மாறுதல் இது.

இவ்வரலாற்றின் சிகரமாக விளங்குபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த இவர், ஆடவர் கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எழுந்த ஆட்சேபத்தை மன்னரின் ஆதரவால் கடந்து படித்து, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகி, அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டு, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். திக்கற்ற பெண்களுக்கு அவ்வை இல்லத்தை அமைத்தார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமாயிருந்தார். பெண்களின் பிரசவ அறைக்கு மட்டும் வேண்டும் என்று அழைக்கப்பட்ட வைத்தியப் பெண், மாகாணத்தின் சட்டத்தை மாற்றியமைக்கும் இடத்தில் வந்து அமர்ந்தாள். அவ்விடத்தை அவளுக்கு யாரும் தேவை கருதி ஒதுக்கிவைக்கவில்லை.

ஒரு பெண்ணைப் படிக்கவைக்கும்போது, அப்படிப்பினால் வீட்டுக்கு என்ன பயன், வருகிற கணவனுக்கு என்ன பயன் என்று கணக்கிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. தேவை கருதித் தரப்படும் கல்வி, தேவை தீர்ந்ததாகப் பிறர் எண்ணும் நாளில் நிறுத்தப்படலாம். திருமணத்தோடு படிப்பை முடித்துக்கொண்ட எத்தனையோ பெண்களின் வாழ்க்கை இதற்குச் சான்று. ஆகையால், பயன் என்ன என்று கேட்காமல், பிறந்த உயிருக்கு அறிவு பெறும் உரிமை உண்டு என்ற ஒரே காரணத்துக்காகப் பெண்ணுக்குக் கல்வி அளிப்பதே, சேற்றடி பட்டுக்கொண்டு பரீட்சை எழுதிய அந்தப் பெண்களுக்கு நாம் செய்யக்கூடிய நியாயமான மரியாதை.