உள்ளங்கையில் ஒரு பத்தி: பெருந்திரைக் கைத்தொலைபேசி வந்த கதை

2011 செப்டெம்பர் முதலாம் திகதி, ஜேர்மனியின் பேர்லின் நகரில் வருடந்தோறும் நடைபெறும் இலத்திரனியற் பொருட்காட்சியில், தென்கொரியாவின் சாம்சுங் நிறுவனம் கலக்ஸி நோட் என்னும் கைத்தொலைபேசியை அறிமுகம் செய்தது. அதன் திரை மூலைக்கு மூலை 5.3 அங்குலம். உடலின் அகலம் ஏறத்தாழ 83 மில்லிமீற்றர். கூடவே ஒரு பேனா. அன்றைய ஐபோனின் திரையோ 3.5 அங்குலந்தான். மேலைநாட்டுத் தொழில்நுட்பச் செய்தியாளர் பலர் நகைத்தார்கள். காதில் வைத்துப் பேசினால் பாதி முகம் மறையும் என்றார்கள். காற்சட்டைப் பையில் அடங்காது என்றார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் மாதத்திற்குள் அந்தத் தொலைபேசி ஒரு கோடி விற்பனையானது.

நகைத்தவர்களை முழுமையாகக் குறைகூற முடியாது. தொலைபேசி என்பது வாய்க்கும் காதுக்கும் உரிய கருவி என்ற எண்ணத்திலேயே நாம் எல்லோரும் வளர்ந்தோம். 1989இல் செல்ரெல் நிறுவனம் இலங்கையில் செல்லிடத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியபோது (தெற்காசியாவில் அதுவே முதலாவது) கருவி செங்கல் போலிருந்தது. அதைச் சிறிதாக்குவதே பின்வந்த பொறியியலாளரின் பெருமையாயிற்று. 1996இல் மோட்டரோலா வெளியிட்ட ஸ்ரார்ரக் 88 கிராம் நிறையுடன் சட்டைப்பையில் காணாமற் போனது. சிறியது உயர்ந்தது, பெரியது பழையது என்று சந்தை தீர்மானித்துவிட்ட காலம் அது.

ஆயினும் அதற்குச் சமாந்தரமாக இன்னொரு வரலாறும் ஓடிக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய சைமன் என்னும் கருவி 1994 ஓகஸ்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அரைக் கிலோ நிறை, கறுப்பு வெள்ளைத் தொடுதிரை, ஒரு பேனா. நாட்காட்டி, மின்னஞ்சல், தொலைநகல் எல்லாம் அதனுள் இருந்தன. மின்கலம் ஒரு மணிநேரப் பேச்சுக்கே தாங்கியது. ஏறத்தாழ 50,000 விற்றபின் அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டார்கள். 1996இல் நொக்கியா தந்த கொம்யூனிக்கேற்றர், புத்தகம்போல் விரித்தால் உள்ளே விசைப்பலகையும் நீண்ட திரையும் கொண்டிருந்தது. அதே ஆண்டு வந்த பாம் பைலற் கருவிக்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி உண்டு. அதை வடிவமைத்த ஜெஃப் ஹோக்கின்ஸ், கருவி உருவாகுமுன் அதே அளவில் மரக்கட்டையொன்றைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சந்திப்புகளில் அதை எடுத்துக் குறிப்பெழுதுவதுபோலப் பாவனை செய்து பார்த்தார். சட்டைப்பையின் அளவே கருவியின் அளவாக வேண்டும் என்பது அவர் கணக்கு.

பேனாவை விரட்டியவர் ஸ்ரீவ் ஜொப்ஸ். 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகம் செய்த மேடையில், கடவுள் தந்த பத்து விரல்களிருக்கப் பேனா எதற்கு என்ற பொருள்படப் பேசினார். 2010 ஜூலையில் செய்தியாளர் சந்திப்பொன்றில், கைக்குள் அடங்காத பெரிய தொலைபேசிகளை எவரும் வாங்கப் போவதில்லை என்றும் சொன்னார். அந்தக் கோடையில் 5 அங்குலத் திரையுடன் சந்தைக்கு வந்த டெல் நிறுவனத்தின் ஸ்ரீக், அவர் வாக்கு பலித்ததுபோல அடுத்த ஆண்டே மறைந்தது. கலக்ஸி நோட் கடைகளுக்கு வந்தது 2011 ஒக்ரோபர் இறுதியில். ஜொப்ஸ் அம்மாதம் ஐந்தாம் திகதி காலமாகியிருந்தார்.

ஸ்ரீக் தோற்ற இடத்தில் நோட் வென்றது எப்படி? என் கணிப்பில், பேனா அதற்கு இரண்டாவது காரணமே. முதற் காரணம் மக்கள் தொலைபேசியில் பேசுவதைக் குறைத்து வாசிக்கவும் எழுதவும் தொடங்கியிருந்தது. 2009இல் தொடங்கிய வட்ஸ்அப், குரலுக்கிருந்த இடத்தை எழுத்துக்குக் கொடுத்தது. இணையப் பக்கம், காணொளி, வரைபடம் எல்லாம் கண்ணின் வேலைகள். மின்கலத்தின் உதவியும் இருந்தது. ஐபோன் 4இல் இருந்தது 1420 மில்லி அம்பியர் மணி மின்கலம்; பெரிய திரைக்குப் பின்னால் இடம் கிடைத்ததால் நோட்டில் 2500 வைக்க முடிந்தது. 2014 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனமே 5.5 அங்குல ஐபோன் 6 பிளஸ்ஸை வெளியிட்டது. வாதம் அத்துடன் முடிந்தது.

மின்கலத்தை மென்மேலும் நெருக்கியதற்கு விலையும் கொடுக்கவேண்டி வந்தது. 2016 ஓகஸ்டில் வந்த நோட் 7 தீப்பற்றத் தொடங்கியது. மீளப்பெற்று மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. ஒக்ரோபர் 11ஆம் திகதி உற்பத்தியை நிரந்தரமாக நிறுத்தினார்கள். இரு வேறு நிறுவனங்கள் வழங்கிய மின்கலங்களில் இரு வேறு குறைகள் இருந்ததாக 2017 ஜனவரியில் சாம்சுங் அறிவித்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதே ஆண்டு வந்த நோட் 8ஐ மக்கள் தயங்காமல் வாங்கினார்கள். பெரிய திரைக்குப் பழகிய கண், சிறியதற்குத் திரும்பச் சம்மதிக்கவில்லை.

2017க்குப் பின் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. திரைகள் அகலத்தில் வளராமல் நெடுமையில் வளர்ந்தன. 2024இல் வந்த கலக்ஸி எஸ் 24 அல்ட்ராவின் திரை 6.8 அங்குலம், உடலின் அகலமோ 79 மில்லிமீற்றர். அதாவது, பெரிதென்று 2011இல் நகைக்கப்பட்ட கருவியைவிட ஒடுக்கமானது. மூலைக்கு மூலை அளந்து விளம்பரம் செய்யும் வழக்கம் இந்த உண்மையை மறைத்துவிடுகிறது.

தமிழுக்கு இந்த அகலம் சிறிய விடயமன்று. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் அறிமுகமானபோது, பன்னிரண்டு பொத்தான்களைத் திரும்பத் திரும்ப அழுத்தித் தமிழ் எழுதினோம். பின்னர் தொடுதிரை வந்தது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளடங்கி வந்தது. ஆனால் தமிழ் 99 விசைப்பலகையின் மேல்வரிசையில் பன்னிரண்டு விசைகள். ஆங்கிலத்திற்குப் பத்தே போதும். 3.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 49 மில்லிமீற்றர். ஒரு விசைக்கு நான்கு மில்லிமீற்றர். ள அழுத்தினால் ற விழும். நோட்டின் 71 மில்லிமீற்றர் அகலத்தில் அது ஆறாகியது. முழுக் கட்டுரையொன்றைப் பேருந்தில் இருந்தபடியே தமிழில் தட்டெழுதி அனுப்பலாம் என்ற நிலை எமக்கு இந்த இரண்டு மில்லிமீற்றரால் கிடைத்தது. கைத்தொலைபேசித் தமிழின் வரலாற்றை எழுதுவோர் எழுத்துருவைப் பேசுகிறார்கள், குறியேற்றத்தைப் பேசுகிறார்கள். விரல் நுனியின் பருமனை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

பத்திரிகைக்காரனுக்கு வேறொரு கணக்கும் தோன்றும். எட்டுப் பத்திகளாகப் பிரித்த நாளிதழ்ப் பக்கத்தில் ஒரு பத்தியின் அகலம் ஏறத்தாழ நாலரைச் சென்ரிமீற்றர். இன்றைய கைத்தொலைபேசித் திரை ஏறத்தாழ ஒன்றரைப் பத்தி. கண் தளராமல் வாசிக்க நல்ல அகலம் அது. அச்சுக்கோப்பாளர் நெடுங்காலமாக அறிந்த அகலம். பக்கத்தில் மிச்சமிருந்த பத்திகள்தான் இல்லை. அரசியற் செய்தியைத் தேடி வந்தவர் பக்கத்திலிருந்த மரண அறிவித்தலில் ஒரு பழைய ஆசிரியரின் படத்தைக் கண்டு திடுக்கிடுவார். அதற்குக் கீழே நெல்விலை. மூலையில் காணாமற்போன மகனைத் தேடும் தாயின் இரண்டு வரி. தேடாததைக் காட்டும் அந்த அயலமைப்பு ஒன்றரைப் பத்தித் திரையில் இல்லை. மரண அறிவித்தல் இப்போது குடும்பக் குழுவில் தனியே வருகிறது. குழுவில் இல்லாதவருக்கு வருவதில்லை.

வேலையும் வீடும் ஒரே திரைக்குள் வந்ததும் இந்தக் கருவியால்தான். அலுவலகத்திற்கு பிளக்பெரி, வீட்டிற்கு வேறொன்று என இரண்டைச் சுமந்தவர்களை 2000களில் கண்டிருக்கிறோம். இப்போது ரொறொன்ரோவிலிருக்கும் பேத்தியின் முகமும், செய்தி ஆசிரியரின் அவசரக் கட்டளையும், தகவல் தந்தவரின் குரற்பதிவும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கின்றன. குறிப்பேட்டுக் காலத்தில் சோதனைச் சாவடியை நெருங்குமுன் ஒரு தாளைக் கிழித்தெறிய முடிந்தது. கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்குபவர் எல்லாவற்றையும் ஒருங்கே வாங்குகிறார். தகவல் தருபவரின் பெயரை நோட்டில் எழுதாத செய்தியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று நான் சொல்லமாட்டேன்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், அச்சுத்தாள் கிடைக்காதபோது யாழ்ப்பாணத்தில் நாளிதழைப் பாடசாலைக் கொப்பித் தாளில் அச்சிட்டார்கள். கோடுகளுக்கு மேலே செய்தி ஓடியது. அதையும் மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாடு மீண்டும் வந்தபோது, கொழும்பில் தி ஐலண்ட், திவயின ஆகிய நாளிதழ்கள் தமது சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தி இணையத்தில் மட்டும் வெளியிட்டன. இம்முறை கொப்பித் தாளைத் தேடவில்லை. பெரிய திரை வாசகரின் கையில் ஏற்கனவே இருந்தது. மின்னிதழில் முழுப் பக்கத்தையும் பார்த்தால் எழுத்துத் தெரியாது, பெரிதாக்கினால் பக்கம் தெரியாது. ஆகவே வயதான வாசகர்கள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, எட்டுப் பத்திகளின்மேல் திரையை நகர்த்தி நகர்த்தி, மரண அறிவித்தல் எந்த மூலையில் இருக்கிறதென்று தேடிக்கொண்டிருந்தார்கள்.