முடிவு அறியாப் பொழுது

வாக்குப்பதிவு முடிந்த மாலைக்கும் வாக்கு எண்ணும் காலைக்கும் இடையே அமைந்த பொழுதைப் பற்றி வரலாற்று நூல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. வென்றவர் யார், தோற்றவர் யார், வேறுபாடு எத்தனை என்று அவை உரைக்கும். இடைப்பட்ட நாள்களில் மக்கள் நெஞ்சம் பட்ட பாட்டை உரைக்கா. ஆயினும் குடியாட்சியின் உயிர்நிலை அவ்விடைப் பொழுதில்தான் அடங்கிக் கிடக்கிறது. அமைச்சருக்கும் அவர் அறைவாயிலில் நிற்கும் ஏவலருக்கும் அறியாமை சமமாகப் பங்கிடப்படும் பொழுது அஃது ஒன்றே.

பிறந்த மண்ணை விட்டுத் தலைநகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இக்காத்திருப்பில் இரட்டைச் சுமை உண்டு. ஒருவர் பெயர் ஒரு தொகுதியின் பட்டியலில் மட்டுமே இடம்பெறலாம் என்பதும், அவர் வழக்கமாக வாழும் இடமே அத்தொகுதிக்கு அடிப்படை என்பதும் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வகுத்த நெறிகள். ஆகவே தில்லியில் பெயரைப் பதிந்துகொண்ட நம்மவர்க்குத் தம் ஊரின் சட்டமன்றத் தேர்தலில் வாக்கில்லை. அங்கே அண்ணன் தம்பியர் வாக்களிக்கின்றனர். இங்கே நாம் காத்திருக்கிறோம். 2011ஆம் ஆண்டில் தமிழகம் ஏப்ரல் 13 அன்று வாக்களித்தது; எண்ணிக்கை மே 13 அன்று நிகழ்ந்தது. 2021இல் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. மே 2 அன்று முடிவு. பிற மாநிலங்களில் பல கட்டமாக வாக்குப்பதிவு நடைபெறும்போது, ஓரிடத்து முடிவு மற்றோரிடத்து வாக்காளரின் மனத்தைத் திருப்பிவிடலாகாது என்பதற்காகவே இத்தனை நாள் பொறுக்க வேண்டியதாயிற்று. காரணம் நன்றே. ஆனால் காரணம் அறிந்தமையால் மட்டும் மனம் அமைதி அடைந்துவிடுவதில்லை. நமக்கு முன்னிருந்தோர் இந்நிலையை எவ்வாறு தாங்கினர் என்பதை வரலாற்றின் துணைகொண்டு சிறிது ஆராய்வோம்.

விரிந்த உள்ளங்கை

உத்தரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று கி.பி. 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. குடவோலை முறையைப் பள்ளிப் பாடத்தில் படிக்காத தமிழர் இலர். எனினும் அக்கல்வெட்டில் நாம் நின்று நோக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு.

முப்பது குடும்புகளுக்கும் உரிய பெயர்கள் ஓலைகளில் எழுதப்பெற்று, குடும்பு வாரியாகக் கட்டப்பட்டு, ஒரு குடத்தில் இடப்பட்டன. மகாசபை இளையோரும் முதியோருமாகக் கூடியது. ஊரிலிருந்த நம்பிமார் ஒருவர் விடாமல் உள்மண்டபத்தில் அமர்த்தப்பட்டனர். அவருள் மூத்தவர் ஒருவர் அனைவரும் காணும்படி குடத்தை உயர்த்தி நின்றார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டின் ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டன. அதிலிருந்து அச்சிறுவன் எடுத்துக் கொடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரல்களும் விரிந்திருக்கத் தன் உள்ளங்கையில் ஏற்றான். அவன் படித்த பின்னர், மண்டபத்திலிருந்த நம்பிமார் யாவரும் அவ்வோலையைப் படித்தனர். அதன் பின்னரே பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது.

ஐந்து விரல்களையும் விரித்து ஏற்க வேண்டும் என்று கல்லில் வெட்டியது எதனால்? மடக்கிய விரலுக்கிடையே வேறோர் ஓலை ஒளிந்திருக்கக்கூடும் என்று ஐயுற்றவர் அவையில் இருந்திருக்க வேண்டும். அந்த ஐயத்தை அவையோர் பழிக்கவில்லை, அடக்கவுமில்லை. அதற்கு விடையாக ஒரு விதியை வகுத்தனர். 919இல் வகுத்த விதிகளை இரண்டே ஆண்டுகளில், 921இல், மேலும் செப்பஞ்செய்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர்தம் உறவினரையும் குடவோலைக்கு ஆகாதவர் என்று விலக்கினர்.

இதனை இக்காலப் பொதுத்தேர்தலோடு ஒப்பிட்டுப் பெருமிதம் கொள்வது மிகையாகும். கால் வேலிக்கு மேற்பட்ட இறை நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்கு உட்பட்ட அகவையும் உடைய பிரமதேயத்தாருக்கே அங்கு இடமிருந்தது. ஊரின் பிற மக்களுக்கு அதில் பங்கில்லை. ஆயினும் முடிவை எதிர்நோக்குவோரின் ஐயத்தைப் போக்கும் வழி, முடிவு பிறக்கும் இடத்தை அவர்தம் கண்முன் நிறுத்துவதே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இன்றும் இரு வேட்பாளர் சமமான வாக்குகள் பெற்று, ஒரு வாக்கால் முடிவு மாறும் நிலை ஏற்படின், தேர்தல் அலுவலர் அங்கேயே சீட்டுக் குலுக்கி முடிவு காண வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு கூறுகிறது. பழைய குடம் இன்னும் முற்றும் உடைந்துவிடவில்லை.

நான்கு திங்கள் நீண்ட தேர்தல்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951 அக்டோபர் 25 அன்று தொடங்கி 1952 பிப்ரவரி 21 அன்று முடிந்தது. பதினேழு கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெண்மர் அளவே. ஆகவே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மீது அவர்தம் சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தாளில் எதையும் எழுதவோ குறிக்கவோ வேண்டியதில்லை. விரும்பிய பெட்டியில் இட்டாற் போதும். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இப்பெரும்பணியை முன்னின்று நடத்தினார்.

இமயச் சாரலில் உள்ள சினி பகுதியினர் பனிக்காலம் வழியை அடைத்துவிடும் என்பதால் அக்டோபர் 25 அன்றே வாக்களித்தனர். நாட்டின் பிற பகுதிகளில் கடைசி வாக்குச்சீட்டு பெட்டியில் விழுந்தபோது ஏறத்தாழ நான்கு திங்கள் கடந்திருந்தன. பனி பெய்து மூடிய மலைச்சிற்றூர்களில், நாடு யார் கையில் சேரும் என்று அறியாமலே அம்மக்கள் தம் அன்றாடத் தொழிலைத் தொடர்ந்தனர்.

நம் சென்னை மாநிலத்திலோ முடிவு வெளிவந்த பின்னரும் காத்திருப்பு ஓயவில்லை. 1952 சனவரியில் வாக்குப்பதிவு நடந்த அப்பெரு மாநிலத்தில் மொத்த இடங்கள் 375. காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. யார் யாருடன் சேர்வர், யார் ஆள்வர் என்னும் வினா வாரக் கணக்கில் நீடித்தது. இந்தியாவின் தலைமை ஆளுநராக வீற்றிருந்த இராசாசி, மேலவைக்கு நியமனம் பெற்று, ஏப்ரல் 10 அன்று முதலமைச்சர் பொறுப்பேற்றார். நியமனம் பெற்றவர் முதல்வராவது முறையா என்னும் வழக்கு அன்றே எழுந்தது. இன்றும் அறிஞரிடையே அது பேசப்படுகிறது. எண்ணிக்கை ஐயத்தைத் தீர்க்கலாம். பெரும்பான்மை இல்லாவிடத்து அதே எண்ணிக்கை புதிய ஐயத்தையும் பிறப்பிக்கலாம் என்பதைத் தமிழகம் தன் முதல் தேர்தலிலேயே கற்றுக்கொண்டது.

தோல்வியை ஏற்கும் பண்பையும் அது விரைவில் கற்றது. 1967இல் காமராசர் தம் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். முதலமைச்சர் பக்தவத்சலமும் தோற்றார். மார்ச்சு 6 அன்று அண்ணா பொறுப்பேற்றார். இருபது ஆண்டு ஆட்சி அமைதியாகக் கை மாறியது. தோற்றவர் எண்ணிக்கையை ஏற்றுக்கொள்வர் என்னும் நம்பிக்கை இருக்குமாயின், காத்திருப்பவர் நெஞ்சில் அச்சம் பாதியாகக் குறையும்.

1977: மார்ச்சுத் திங்கள் ஓர் இரவு

1975 சூன் 25 நள்ளிரவையொட்டி அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உள்ளாயின, தலைவர்கள் சிறைப்பட்டனர். 1976 சனவரி 31 அன்று தமிழகத்தில் கலைஞர் கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டது. பின்னர் 1977 சனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது. மார்ச்சு 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு.

மார்ச்சு 20 இரவு தில்லி நகரம் உறங்கவில்லை. பகதூர் சா சாபர் சாலையில் உள்ள செய்தித்தாள் அலுவலகங்களின் முன்னே மக்கள் திரண்டு, பலகையில் எழுதப்படும் முன்னணி நிலவரத்தை நோக்கி நின்றனர். அந்நாளில் வானொலி அரசின் கையில் இருந்தது. ஆளுங்கட்சி பின்தங்கும் செய்தியை, அதிலும் பிரதமரின் தொகுதியான இரேபரேலியின் செய்தியை, அது தயங்கித் தயங்கியே வெளியிட்டது. ஆகவே வீட்டில் வானொலிப் பெட்டி உடையோரும் தெருவுக்கு வந்தனர். பக்கத்தில் நிற்பவர் யாரென்று அறியாமலே அவரோடு சேர்ந்து நின்று, எழுதும் எண்ணைக் கண்ணாற் காண்பதில் ஒரு தெம்பு இருந்தது. இந்திரா காந்தி அம்மையார் இராசு நாராயணனிடம் 55,202 வாக்குகளில் தோற்ற செய்தி உறுதிப்பட்டது. மார்ச்சு 21 அன்று உள்நாட்டு நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. 24ஆம் நாள் மொரார்சி தேசாய் பிரதமரானார்.

தலைநகரத் தமிழர்க்கு அவ்விரவு மற்றொரு வியப்பையும் தந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் 85 இடங்களிலும், பீகாரின் 54 இடங்களிலும் காங்கிரசுக்கு ஓரிடமும் கிட்டவில்லை. தமிழகத்திலோ அண்ணா தி.மு.க., காங்கிரசு, இந்தியக் கம்யூனிஸ்டு அணி 39 இடங்களில் 34ஐக் கைப்பற்றியது. வடக்கு ஒரு திசையும் தெற்கு ஒரு திசையும் நோக்கிய அந்நாளில், தாம் வாழும் நகரின் மகிழ்ச்சியையும் தாம் பிறந்த ஊரின் தீர்ப்பையும் ஒரே நெஞ்சில் தாங்க வேண்டியவராயினர் நம்மவர். இரண்டு தீர்ப்புகளும் மக்கள் தந்தவையே. தம் பக்கத்து வீட்டார் ஏன் மகிழ்கின்றனர் என்பதைக் கேட்டறியும் பொறுமை உடையார்க்கு, அந்நாள் ஒரு பெரும் பாடமாக அமைந்திருக்கும்.

எண்ணும் கூடத்தில்

வாக்குப்பெட்டியின் இடத்தை இன்று மின்னணு எந்திரம் பெற்றுவிட்டது. 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 சாவடிகளில் அது முதன்முதல் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்சநீதிமன்றம் 1984இல் அதைத் தள்ளியது. சட்டம் திருத்தப்பட்ட பின்னர்ப் படிப்படியாகப் பரவி, 2004 முதல் நாடெங்கும் மக்களவைத் தேர்தலில் நிலைபெற்றது. ஐயம் எழுந்தது, நீதிமன்றம் கேட்டது, விதி பிறந்தது. உத்தரமேரூர் காட்டிய வழி இதுவே. சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் ஐந்து சாவடிகளின் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று 2019 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டதும் அவ்வழியைச் சார்ந்ததே.

மத்திய அரசு ஊழியராகிய நம்மில் பலர் தேர்தல் காலத்தில் நுண்பார்வையாளர் முதலிய பணிகளுக்கு அழைக்கப்படுகிறோம். எந்திரங்களை வைத்துப் பூட்டிய அறையின் வாயிலில் வேட்பாளரின் ஆள்கள் இரவு பகலாகக் காவல் கிடக்கலாம். தம் முத்திரையையும் இடலாம். எண்ணும் நாளில் முதலில் அஞ்சல் வாக்குகள் எடுக்கப்படுகின்றன. மேசைதோறும் கட்சி முகவர்கள் கம்பி வலைக்கு அப்பால் அமர்ந்து, சாவடியில் தமக்கு வழங்கப்பட்ட 17 சி படிவத்தின் மொத்தத்தோடு எந்திரம் காட்டும் மொத்தத்தை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்கின்றனர். வெளியிலிருந்து நோக்குவார்க்கு இது சலிப்பூட்டும் கணக்கு வேலை. ஆனால் விரிந்த ஐந்து விரல்களின் இன்றைய உருவம் இப்படிவமே.

அந்தக் கணக்கு முடியுமுன் முடிவு கூறப் புகுவோர் பலர். 2004இலும் 2024இலும் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளை நம்பி மகிழ்ந்தவரும் வருந்தியவரும் எண்ணிக்கை நாளில் திகைத்தனர். 2024 சூன் 4 அன்று பங்குச் சந்தையே சுமார் 6 விழுக்காடு சரிந்தது. கணிப்பு நம் அச்சத்தைத் தீர்ப்பதில்லை; அதற்கு ஒரு பெயர் சூட்டி வட்டிக்கு விடுகிறது. ஒரு வாக்கு என்ன செய்யும் என்போர்க்கும் வரலாறு விடை தருகிறது. 2004இல் கருநாடகத்தின் சந்தேமரகள்ளியிலும், 2008இல் இராசத்தானத்தின் நாத்துவாராவிலும் வெற்றி தோல்வியைப் பிரித்தது ஒரே ஒரு வாக்கு.

ஆகவே கவலை கொள்ளாதீர் என்று நாம் எவருக்கும் அறிவுரை கூறப்போவதில்லை. முடிவு முன்னரே தெரிந்துவிட்ட தேர்தலில் கவலைப்படுவார் எவருமிலர்; அத்தகைய தேர்தலால் பயன் பெறுவாரும் இலர். நாம் படும் கலக்கம், நம் வாக்குக்கு இன்னும் வலிமை உண்டு என்பதன் அறிகுறி. காத்திருக்கும் நாள்களில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. உறுதிப்படாத செய்தியை ஊருக்குக் கடத்தாதிருத்தல். மாற்றுக் கட்சி உறவினரோடு பேச்சை முறித்துக்கொள்ளாதிருத்தல். பணிக்கு அழைக்கப்பட்டால் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தல். எண்ணிக்கை எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு விளக்கியுரைத்தல். குடத்தை உயர்த்திப் பிடித்த முதியவரும், கை விரித்து நின்ற மத்தியஸ்தனும், தெருவில் நின்று பலகையை நோக்கிய மக்களும் நமக்கு விட்டுச்சென்ற கடமை இது. வெளியூரில் வாழ்ந்தாலும் அதனைக் குறைவின்றி ஆற்றுவோமாக.