தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் இயங்குதளம்: பழைய சில்லுகளை முன்வைத்து

கழித்துப் போட்ட கணினிகளின் பாகங்களில் ஓடும் இயங்குதளம் என்றதும், அது எத்தனை கிலோபைட்டில் அடங்குகிறது என்றே பலரும் கேட்கிறார்கள். இந்த அளவுகோல் போதாது. ஓடுகிற எந்திரத்திலேயே, வேறு கணினியின் துணையின்றி, அது தன் மூலநிரலைத் திருத்தித் தன்னை மறுபடி கட்டிக்கொள்ளுமா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

2012இல் திமித்ரி கிரின்பெர்க் 8 பிட் ஏடிமெகா1284பி சில்லில் லினக்ஸை ஓட்டிக் காட்டினார். சில்லின் சொந்த ராம் 16 கிலோபைட். பழைய கணினிகளில் இருந்த 30 முனை ராம் பலகையைப் பற்றவைத்து 16 மெகாபைட் சேர்த்தார். லினக்ஸ் 32 பிட் செயலியை எதிர்பார்ப்பதால், ஆர்ம் செயலியையே மென்பொருளாக எழுதினார். கட்டளை வரி தோன்ற ஏறத்தாழ 2 மணி நேரம், உபுண்டு லினக்ஸ் முழுதாக எழ மேலும் 4 மணி நேரம். வியக்கத்தக்க கைத்திறன். ஆனால் அந்த மென்பொருள் வேறொரு கணினியில் தொகுக்கப்பட்டு ஏற்றப்பட்டது. அந்தக் கணினி போய்விட்டால் பிழை திருத்த நடைமுறையில் வழியில்லை.

கனடாவின் விர்ஜில் டூப்ரா 2019இல் தொடங்கிய கொலாப்ஸ் ஓஎஸ் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. உலக விநியோகச் சங்கிலி அறுந்தால் குப்பையில் கிடக்கும் சில்லுகளே மிஞ்சும் என்பது அவர் கணிப்பு. ஆகவே 1976இல் வந்த இசட்80 செயலியை முதலில் எடுத்தார். 40 கால்கள், கையால் பற்றவைக்க ஏற்ற இடைவெளி. பழைய விளையாட்டுப் பெட்டிகளிலும் கால்குலேட்டர்களிலும் அகப்படும். அசெம்பிளியில் எழுதியதை 2020இல் ஃபோர்த் மொழிக்கு மாற்றினார். இந்த மாற்றமே முக்கியம். “: இரட்டி டூப் + ;” என்று தட்டினால், எண்களை வைக்கும் அடுக்கின் உச்சியிலுள்ள எண்ணைப் படியெடுத்துக் கூட்டும் ‘இரட்டி’ அக்கணமே மொழியில் சேர்ந்துவிடும். தொகுப்பி இயங்குதளத்துக்குள்ளேயே குடியிருக்கிறது. கோப்பு முறைமை கிடையாது. வரிக்கு 64 எழுத்தாக 16 வரிகள், 1,024 பைட் கொண்ட தொகுதிகள் மட்டும். எண்ணைச் சொன்னால் தொகுதி திரைக்கு வரும். அங்கேயே திருத்தி ஏற்றலாம். நினைவகப் பாதுகாப்பு இல்லாததால் ஒரு தவறான முகவரி மொத்தத்தையும் கவிழ்க்கும். இந்த விலை எனக்கு நியாயமாகவே படுகிறது.

முதல் முறை ஏற்றுவதற்கு மட்டும் இன்னொரு கணினி வேண்டாமா என்ற மறுப்பு வலுவானது. இசட்80இன் பஸ்ரெக் காலைத் தாழ்நிலைக்குக் கொண்டுவந்தால் செயலி முகவரி, தரவுக் கம்பிகளை விட்டு விலகும். அப்போது சுவிட்சுகளைக் கொண்டு ராமில் பைட் பைட்டாக இடலாம். அலுப்பான வேலைதான், ஆனால் அச்சிட்ட பைட் பட்டியல் ஒன்று இருந்தால் போதும். கிலோபைட் கணக்குக்கு மதிப்பு வருவது இங்கேதான்: சில ஆயிரம் பைட்டுகளை மனிதக் கை இட்டு முடிக்கும், லினக்ஸ் கருவின் பல லட்சம் பைட்டுகளை முடிக்காது.

2024இல் ஸைலாக் நிறுவனம் தனிச் சில்லாக விற்றுவந்த இசட்80க்கு ஆர்டர் வாங்குவதை நிறுத்தியது. இனி அது பெரும்பாலும் பழைய பலகைகளிலிருந்துதான் வரும். எந்தக் காலில் மின்சாரம், எதில் கடிகாரத் துடிப்பு என்று தெரியாதவருக்கு அந்தச் சில்லால் பயனில்லை. ஆகவே மூலநிரலோடு வன்பொருள் இணைப்புக் குறிப்புகளையும் கொலாப்ஸ் ஓஎஸ் சேர்த்தே தருவதை, இயங்குதளத்தின் ஓர் உறுப்பாகவே கொள்கிறேன்.