மன்னிப்பும் நீதியும்

நாட்டு விடுதலைக்காகச் சிறைசென்று தொழுநோய்க்கு ஆளான சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23இல் மறைந்த ஊர், தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. தொழுநோயாளரிடையே ஊழியஞ் செய்த கிரகாம் ஸ்டெயின்ஸின் வரலாற்றை அவ்வூரில் ஒரு சிறு கூடுகையில் நாம் எடுத்துரைத்தோம். முடிவில் முதியவர் ஒருவர், "ஐயா, பத்திரத்தில் என்னை ஏமாற்றிய தம்பியை மன்னித்தால் வழக்கையும் விட்டுவிட வேண்டுமா?" என்று வினவினார். அவ்வினா ஸ்டெயின்ஸின் வரலாற்றை மீண்டும் ஆராயச் செய்தது.

ஆஸ்திரேலியரான ஸ்டெயின்ஸ் 1965இல் இந்தியா வந்து, ஒரிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளர் இல்லத்தில் பணியாற்றினார். 1999 ஜனவரி 22 நள்ளிரவையொட்டி, மனோகர்பூரில் வண்டியில் உறங்கிய அவரும் அவருடைய இளம் புதல்வர் இருவரும் உயிரோடு எரிக்கப்பட்டனர். கொலைஞரைத் தாம் மன்னித்துவிட்டதாக அவருடைய மனைவி கிளாடிஸ் அறிவித்தார். பாரிபதாவை விட்டு அகலாது 2004 வரை அந்நோயாளரைப் பேணினார்.

நீதிமன்றமோ தன் கடமையைச் செய்தது. 2003இல் முதன்மைக் குற்றவாளிக்கு விதிக்கப்பட்ட மரணதண்டனை 2005இல் ஆயுள்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 2011இல் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்தின் சட்டவிளைவு வேறு என்பதே கிளாடிஸ் அம்மையாரின் நிலை.

இந்நிலை வேதத்திற்கு இசைந்ததே. புதிய ஏற்பாட்டில் 'மன்னித்தல்' எனப் பெரும்பாலும் பெயர்க்கப்படும் கிரேக்கச் சொல்லுக்கு 'விட்டுவிடுதல்' என்பது பொருள். விடப்படுவது பழிவாங்கும் உரிமை, உண்மையன்று. பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட உவமையைக் கூறும் மத்தேயு 18ஆம் அதிகாரமே, குற்றஞ்செய்த சகோதரனிடம் நேரில் சென்று உணர்த்தவும், செவிகொடாவிடில் சபைக்குத் தெரிவிக்கவும் முன்னரே கட்டளையிடுகிறது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. கொலைவழக்கை நடத்தியது அரசு. முதியவரின் வழக்கோ அவருடையது. சகோதரர் வழக்காடுவதைவிட அநியாயத்தைச் சகிப்பது நலமென்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஆனால் அத்தியாகம் இழந்தவன் மனமுவந்து அளிக்கவேண்டியது. போதகர் வற்புறுத்திப் பெறுவதன்று. வலியவனைக் கண்டியாது, நலிந்தவனை மட்டும் "மன்னித்துவிடு" என்று நெருக்குவது சபைக்கு எளிது. சுவிசேஷமோ அதனை அனுமதிப்பதில்லை.

ஆகவே முதியவரிடம், "பகையை இன்றே விட்டுவிடுங்கள், வழக்கைப்பற்றி ஜெபித்து நீங்களே முடிவுசெய்யுங்கள். அதற்குமுன் உங்கள் தம்பியிடம் உங்களோடு நாங்களும் வருகிறோம்" என்றோம். அவ்வாறு உடன்செல்வதே போதகரின் கடமை என எண்ணுகிறோம்.