மாமியார் வெளியே போன பிறகு



மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகளிடம் "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லை டாக்டர், லேசா தலைவலி" என்பார்.

மாமியாரைச் சற்று வெளியே உட்கார வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

நம்ம நாட்டுத் தொழிற்சங்க வரலாறும் இதுதான். எப்படின்னு பார்ப்போம்.

1918 ஏப்ரல் 27. பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானது. பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணை நின்றார்.

கம்பெனி வாடியா மீதே வழக்குப் போட்டது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாத காலம் அது.

இந்த வழக்கு எழுப்பிய அதிர்ச்சியும் சேர்ந்துதான் 1926 தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ஆனா அதில் ஒரு பெரிய ஓட்டை. சங்கத்தைப் பதிவு செய்ய முடிந்தது. நிர்வாகம் அந்தச் சங்கத்தோடு பேசியே ஆகணும் என்ற கட்டாயம் அதில் இருக்கவில்லை.

அதை அடைக்க 1947இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. கடைசிவரை அமலுக்கு வரவே இல்லை!

சரி, ஒரே நிறுவனத்தில் நாலு சங்கம் இருந்தா யாரோடு பேசுவது?

உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்ப்பது ஒரு வழி. யாருக்குச் சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்கள் என்று எண்ணுவது இன்னொரு வழி.

சந்தா பிடிப்பது யார்? நிர்வாகம். அப்போ நீங்க எந்தச் சங்கம் என்பது உங்க அதிகாரிக்குத் தெரியும்.

மாமியார் அறைக்குள்ளேயே நிற்கிறார், கவனிச்சீங்களா?

இந்திய உணவுக் கழக ஊழியர் சங்க வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் ரகசிய வாக்கெடுப்புக்கு நடைமுறை வகுத்தது.

வாக்காளர் பட்டியலை முன்கூட்டியே ஒட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். ஒவ்வொரு சங்கத்துக்கும் சின்னம். எண்ணும்போது எல்லாச் சங்கப் பிரதிநிதிகளும் இருக்கலாம்.

ரயில்வேயில் 2007இல் சங்க அங்கீகாரத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. அடுத்து 2013.

அதற்கடுத்த தேர்தல் 2019இல் வர வேண்டியது. வந்தது 2024 டிசம்பரில். பதினோரு வருட இடைவெளி!

2013 முதல் தெற்கு ரயில்வேயில் எஸ்.ஆர்.எம்.யூ. மட்டுமே அங்கீகாரம் பெற்ற சங்கம். 2024இல் அதோடு டி.ஆர்.இ.யூ.வும் அங்கீகாரம் பெற்றது.

எந்தச் சங்கம் நல்லது என்று சொல்ல இதை எழுதவில்லை. அது ஊழியர்களின் முடிவு.

ஊழியர் மனசு மாறியிருக்கா என்று கேட்கவே பதினோரு வருடம் ஆனது என்பதுதான் என் கவலை. சர்க்கரை நோயாளிக்குப் பதினோரு வருடம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தால் எப்படி இருக்கும்?

உங்க அலுவலகத்தில் சங்கத் தேர்தல் வந்தால் மூணு கேள்வி கேளுங்க.

வாக்காளர் பட்டியலை எல்லாரும் பார்க்க முடியுதா?

நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு அதிகாரிக்குத் தெரியுமா?

அடுத்த தேர்தல் எப்போ?

மூணுக்கும் தெளிவான பதில் இருந்தால் அது தேர்தல். இல்லையென்றால், "ஒண்ணுமில்லை டாக்டர், லேசா தலைவலி" கதைதான்.